மின்கம்பம் எட்டாத வீட்டுக்கு வெந்நீர்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் பூலாவ் மலையடிவாரத்தில் நாங்களே கட்டிக் குடியேறிய வீட்டுக்கு வெந்நீர் ஏற்பாடு செய்யப்போகிறேன் என்று சொன்னபோது, "இந்த ஊர் வெயிலுக்கு வெந்நீர் எதற்கு?" என்று கேட்காத உறவினர் இல்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பகலில் 32 டிகிரி வரை ஏறி, இரவில் 24க்குக் கீழே அதிகம் இறங்காத ஒரு தீவில், குளிர்நாட்டு வீடுகளைப் போல அறைகளைச் சூடாக்கும் தேவை ஒருநாளும் வராது. ஆனால் மலையோடையிலிருந்து எங்கள் தொட்டிக்கு வரும் தண்ணீர் 24, 25 டிகிரியில்தான் இருக்கிறது. இரவெல்லாம் மழை கொட்டி விடிந்த காலையில் அந்தத் தண்ணீரை எழுபதைக் கடந்த அம்மாவின் தலையில் ஊற்ற முடியாது. எண்ணெய்க் குளியலுக்கோ அது ஆகவே ஆகாது, எத்தனை சீயக்காய் தேய்த்தாலும் பிசுக்குப் போகாது.

பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு மேலுள்ள நிலத்தை மலைநிலமாகக் கருதிக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். எங்கள் மனை அதற்குக் கீழே, ஜாதிக்காய் மரங்களும் டுரியான் மரங்களும் நிற்கும் சரிவின் அடியில் இருக்கிறது. மின்கம்பங்கள் சந்து முனையோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து வீடு வரை கம்பி இழுக்கும் செலவை நாங்களே ஏற்க வேண்டும் என்று தெரிந்ததும், அந்தப் பணத்தைக் கூரையில் பதிக்கும் சூரிய மின்தகடுகளிலும் மின்கலத்திலும் போட்டுவிட்டோம். ஐந்து யூனிட் கொள்ளும் லித்தியம் மின்கலமும் மூன்று கிலோவாட் இன்வெர்ட்டரும் விளக்கு, விசிறி, குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை அலட்டிக்கொள்ளாமல் இழுக்கின்றன. வெந்நீர் என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

நகரத்து வீடுகளில் குளியலறைச் சுவரில் தொங்குகிற சிறிய வாட்டர் ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட் இழுக்கும். ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் செலவாவது 0.6 யூனிட்தான், அது பெரிய தொகையன்று. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் ஒரே மூச்சில் 3.6 கிலோவாட்டைக் கொடுக்க எங்கள் இன்வெர்ட்டரால் முடியாது. பெரிய இன்வெர்ட்டர் வாங்கலாம். அதற்கேற்ற பெரிய மின்கலமும் வாங்கலாம். ஒரு வாளித் தண்ணீரைச் சூடாக்குவதற்காக இத்தனை மின்னணுச் சாதனங்களை அடுக்குவது எனக்குச் சம்மதமில்லை. வெயில் முதலில் மின்சாரமாகி, மின்சாரம் மின்கலத்தில் தங்கி, மறுபடி வெளியே வந்து சூடாகி முடிவதை விட, வெயில் நேரே தண்ணீரில் இறங்குவதே முறை என்று எண்ணினேன்.

எவ்வளவு சூடு வேண்டும் என்பதைக் கணக்கிடுவது எளிது. ஒரு யூனிட் ஆற்றல் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்தும். நான்கு பேருக்குத் தலைக்கு 30 லிட்டர் வீதம் 120 லிட்டர். அதை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர இரண்டு யூனிட்டுக்குச் சற்றே கூடுதலாகத் தேவைப்படும். பினாங்கில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் வெயில் சராசரியாக நாலரை யூனிட் அளவுக்கு இருக்கும். வெயிலில் தண்ணீரைச் சூடேற்றும் இரண்டு சதுர மீட்டர் தட்டு அதில் பாதியைத் தண்ணீரில் சேர்த்தால், 150 லிட்டர் தொட்டி மாலைக்குள் 51 டிகிரியைத் தொடும். தேவைக்கு இரண்டு மடங்கு! இந்தச் சராசரியைப் பார்த்துவிட்டு விற்பனையாளர்கள் சொல்வதை அப்படியே நம்பினால், வேலை அத்தோடு முடிந்தது.

முடியவில்லை, ஏனென்றால் வெந்நீர் தேவைப்படும் நாளும் வெயில் அடிக்கும் நாளும் ஒன்றல்ல. ஜனவரி, பிப்ரவரியில் வானம் வெளுத்துக் கிடக்கும்; அப்போது வெந்நீரை யாரும் சீண்டுவதில்லை. செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே மழை அதிகம். நண்பகல் தாண்டினால் இடியும் மழையும் பிடித்துக்கொள்ளும். தீபாவளி அந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது. வருடத்தில் மிக அதிகமான வெந்நீர், விடியற்காலை நான்கு மணிக்கு, வீடு நிறைய விருந்தாளிகளோடு வேண்டியிருக்கும் நாள் அது. முந்தைய நாள் மூட்டமாக இருந்து இரண்டு யூனிட் வெயில்தான் விழுந்தது என்றால், தட்டின் திறனும் குறைந்துபோய்த் தொட்டி 33 டிகிரியில் நின்றுவிடும். 33 டிகிரித் தண்ணீர் கைக்கு இதமாகத் தோன்றும், தலைக்கு ஊற்றினால் பச்சைத் தண்ணீர்தான். ஆகவே மழை பெய்யும் அக்டோபர் விடியலை மனத்தில் வைத்துத்தான் எல்லாவற்றையும் திட்டமிட்டேன். வெயில் காலம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நேர்மையாகச் சொன்னால், எல்லாவற்றிலும் சுலபமானது எரிவாயு. வீடுகளில் புழங்கும் 14 கிலோ தோம்பு ஒன்று ஏறத்தாழ 180 யூனிட் வெப்பம் தரும். எங்கள் அளவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வரும். ஆனால் உடனடியாகச் சூடாக்கும் எரிவாயுக் கருவி பற்றிக்கொள்வதற்குக் குழாயில் ஓரளவு அழுத்தம் வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்குகிறது. மூன்று மீட்டர் உயரம் தருகிற அழுத்தம் வெறும் 0.3 பார். அதற்காக இன்னொரு மோட்டார் வைக்க வேண்டும். மூடிய குளியலறையில் அந்தக் கருவியை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஆளையே கொன்றுவிடும் என்பதால் அதை வெளிச்சுவரில்தான் வைக்க முடியும். தோம்பைச் சேற்றுப் பாதையில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதும் நானே. சமையலுக்கு ஒன்று போதும் என்று விட்டுவிட்டேன்.

மனையின் சரிவு எங்களுக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. சூடான நீர் இலேசானது, குளிர்ந்த நீர் கனமானது. 25 டிகிரியில் ஆயிரம் லிட்டர் 997 கிலோ, 60 டிகிரியில் 983 கிலோ. இந்தப் 14 கிலோ வித்தியாசமே தண்ணீரை மோட்டார் இல்லாமல் சுற்ற வைக்கிறது. சூடேற்றும் தட்டு கீழேயும் தொட்டி மேலேயும் இருந்தால் போதும், வெயில் பட்டதும் சூடான நீர் மேலேறும், தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கீழிறங்கி அதன் இடத்தைப் பிடிக்கும். தட்டையும் தொட்டியையும் இப்படிப் பிரித்து வைத்து 1909இலேயே கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் விற்கத் தொடங்கிவிட்டார். சமதளத்து வீடுகளில் தட்டு கூரையில் இருப்பதால் தொட்டியையும் அதற்கு மேலே வெயிலிலும் மழையிலும் வைக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கோ வீட்டுக்குக் கீழே ஒரு படிக்கட்டு நிலம் இருந்தது. தட்டை அங்கே தரையில் நிறுத்தி, தொட்டியை வீட்டுக்குள்ளேயே, சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள அலமாரியில் வைத்தோம். தொட்டியின் அடி தட்டின் உச்சியை விடக் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் ஓட்டம் தலைகீழாகி, பகலில் சேர்த்த சூட்டைத் தட்டு வானத்துக்கு விட்டுவிடும். எங்களுக்கு ஒரு மீட்டருக்கு மேலேயே கிடைத்தது.

கண்ணாடிக் குழல்களால் ஆன வெற்றிடக் கருவி மூட்டமான நாளில் கொஞ்சம் கூடுதலாகச் சூடு தரும் என்பது உண்மை. இருந்தும் செப்புக் குழாய்கள் ஓடும் தட்டையான கருவியையே தேர்ந்தெடுத்தேன். பெருமழையில் ஓடையின் வாய் இலைதழையால் அடைத்துக்கொண்டால் எங்கள் வீட்டில் தண்ணீர் நின்றுவிடும். வறண்டு காய்ந்த கண்ணாடிக் குழலில் திடீரென்று குளிர்ந்த நீர் பாய்ந்தால் அது வெடித்து விரிசல் விடும். டுரியான் காலத்தில் இரண்டு கிலோ முள்பழம் ஒன்று உச்சிக் கிளையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. தட்டின் மேலுள்ள தடித்த கண்ணாடியும் டுரியானைத் தாங்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். அதனால் மரங்களிலிருந்து தள்ளித்தான் வைத்திருக்கிறோம்.

எந்தத் திசை பார்த்து வைப்பது என்பதற்கு ஊருக்கு ஊர் விடை வேறு. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து டிகிரிக்குச் சற்று மேல் இருக்கிறோம். வருடத்தில் சில மாதம் சூரியன் நமக்கு வடக்கேயும் மீதி மாதங்கள் தெற்கேயும் போகிறது. ஆகவே வடக்கா தெற்கா என்பதில் பெரிய வேறுபாடில்லை. கிழக்கா மேற்கா என்பதுதான் கேள்வி. பிற்பகல் மழையை நினைத்தால் காலை வெயிலைப் பிடிக்கக் கிழக்கே சாய்ப்பது புத்திசாலித்தனம். ஆனால் பாலிக் பூலாவ் தீவின் நடு மலைத்தொடருக்கு மேற்கே இருக்கிறது. கிழக்குக் கரையிலுள்ள ஜார்ஜ் டவுனில் வெயில் ஏறிய பிறகும் எங்கள் மனை மலையின் நிழலில்தான் கிடக்கும். வராத காலை வெயிலுக்காகத் தட்டைக் கிழக்கே திருப்பிப் பயனில்லை என்று தென்மேற்கில், 15 டிகிரிச் சாய்வில் வைத்தோம். அந்தச் சாய்வு இருந்தால் மழைநீரே கண்ணாடியைக் கழுவிவிடும்.

உள்ளே நீர் உறையாமல் காக்கும் திரவம் எதுவும் நிரப்பத் தேவையில்லை. பனி உறையும் நாடுகளின் கையேடுகள் பாதிப் பக்கத்தை அதற்கே செலவிடுகின்றன. எங்கள் கவலை வேறு. பினாங்குத் தீவு பெரும்பாலும் கருங்கல் மலை. அந்தப் பாறையில் ஊறி வரும் நீரில் சுண்ணாம்பு குறைவு. கொதிகலனில் உப்புப் படியாது என்பது நல்லது. ஆனால் இப்படிப்பட்ட மென்னீர் சற்று அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். செம்பை மெல்ல அரித்துத் தொட்டித் தரையில் நீலப்பச்சைக் கறையை விடும். அதனால் தொட்டி துருப்பிடிக்காத எஃகு, தட்டுக்குள் இருக்கும் குழாய்கள் மட்டும் செம்பு, மற்ற வெந்நீர்க் குழாய்கள் சூடு தாங்கும் பச்சை நிறப் பி.பி.ஆர். பிளாஸ்டிக் என்று பிரித்துக்கொண்டோம். சாதாரண வெள்ளைப் பி.வி.சி. குழாய் 60 டிகிரியில் இளகித் தொய்ந்துவிடும். அதை வெந்நீருக்குப் போடச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த அமைப்பில் வேலை கெடுவது பெரும்பாலும் குழாயின் சாய்வில்தான். தட்டிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய் வழி நெடுக மேல்நோக்கியே ஏற வேண்டும்; நடுவில் ஒரு விரல்கடை அளவுக்கு மேடு இருந்தாலும் அங்கே காற்றுக் குமிழி தங்கிச் சுற்றோட்டத்தை நிறுத்திவிடும். முதலில் குழாய் பொருத்த வந்தவர் சுவரோரம் பார்வைக்கு நேராக இருக்கட்டும் என்று ஓரிடத்தில் கிளிப்பை உயர்த்தி அடித்துவிட்டுப் போனார். நல்ல வெயில் நாளில் தட்டின் உச்சிக் குழாயைத் தொட முடியவில்லை, அப்படிக் கொதித்தது. அதே குழாய் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் கையை வைத்தால் குளுகுளுவென்று இருந்தது. நடுவில் எங்கே சூடு நிற்கிறது என்று உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனபோது அந்தக் கிளிப்பு அகப்பட்டது. அதைக் கழற்றிக் குழாயைத் தாழ்த்தியதும் 'களக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் தொட்டிப் பக்கமும் சுட ஆரம்பித்தது. பட்டர்வொர்த்தில் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, "தண்ணி சுத்தறதுக்கு ஏறிப் போற பாதை மட்டும் குடுங்க மச்சான், மிச்சத்த அதுவே பாத்துக்கும்" என்றார்.

மழைக்காலத்துக்கான விடையும் அவர் பட்டறையிலிருந்தே வந்தது. என் பாட்டியிடம் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த செப்பு பாய்லர் ஒன்று இருந்தது: நடுவில் ஒரு குழல், அதற்குள் கரி, சுற்றிலும் தண்ணீர், அடியில் சாம்பல் தட்டு, பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். நெருப்பைத் தண்ணீர் சூழ்ந்திருப்பதால் சூடு வீணாகாது. தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய்த் தகரத்தை மூன்று கல்லின் மேல் ஏற்றி விறகு எரித்தவர்களுக்கு அந்த பாய்லர் ஒரு பெரிய சொத்து. அதே அமைப்பை எஃகில், எங்கள் விறகடுப்பின் பின்புறத்தோடு இணையும்படி மைத்துனர் செய்து கொடுத்தார். அடுப்பும் தொட்டிக்குக் கீழேயே இருப்பதால் இதற்கும் மோட்டார் இல்லை. 28 மில்லிமீட்டர் குழாயில் சூடான நீர் ஏறித் தொட்டியின் மேல்பாதியில் சேர்கிறது. வெயில் தட்டு அடிப்பாதியைப் பார்த்துக்கொள்கிறது.

காய்ந்த விறகு ஒரு கிலோ சுமார் நான்கு யூனிட் வெப்பம் தரும். அதில் கால்பங்கு தண்ணீருக்குப் போனால்கூட, 33 டிகிரியில் நிற்கும் தொட்டியை 42க்கு ஏற்ற ஒன்றரை, இரண்டு கிலோ போதும். காலையில் இட்லி வேகும் நேரத்துக்குள் அது நடந்துவிடுகிறது. ஆனால் விறகு காய்ந்திருக்க வேண்டும். அப்போதே வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீர். ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 0.7 யூனிட் பறிபோகும், மிச்சம் புகையாகிக் கண்ணைக் கரிக்கும். உதிர்ந்த டுரியான் கிளைகளையும் பால் மரம் எனப்படும் ரப்பர் மரத் துண்டுகளையும் கூரைக்கடியில், தரையில் படாமல் அடுக்கி மாதக்கணக்கில் காயவிடுகிறோம். பால் மர விறகில் வண்டு துளைத்து மாவாக்குவதால் அதை முதலில் எரித்துத் தீர்ப்பது நல்லது.

விறகு கொதிகலனில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெயில் தட்டுக்கு ஒரு எல்லை இருக்கிறது, நெருப்புக்கு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டராக விரியும். அதற்கு வெளியேற வழியில்லாவிட்டால் அடுப்பு வெடிகுண்டாகும். ஆகவே கொதிகலனிலிருந்து நேரே மேலேறி, கூரைக்கு அருகிலுள்ள மேல்தொட்டியின் வாய்க்கு மேலே வளைந்து திறந்திருக்கும் ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். அந்தப் பாதையில் எந்த வால்வும், எந்தக் காரணத்துக்காகவும் இருக்கக்கூடாது. குளியலறைக்கு வெந்நீர் எடுக்கும் குழாயைத் தொட்டியின் உச்சியிலிருந்துதான் எடுத்திருக்கிறோம். மேல்தொட்டி காலியாகி, குழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வராத நிலையிலும், பெரிய தொட்டியும் கொதிகலனும் நிரம்பியே இருக்கும். எரிகிற அடுப்பின் பின்னால் வற்றிய கொதிகலன் இருப்பதைவிட மோசமான நிலை வேறில்லை.

மழை விடாமல் நாலைந்து நாள் பெய்தால் தொட்டி 35, 40 டிகிரியில் மந்தமாகக் கிடக்கும். லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் நோய்க் கிருமி பெருகுவதற்கு 20 முதல் 45 டிகிரி வரை ஏற்ற சூடு. 60 டிகிரியில் அது சாகிறது. அதனால் மூட்டமான வாரங்களில் ஒருநாள் அடுப்பைக் கூடுதலாக எரித்துத் தொட்டியை 60க்கு ஏற்றிவிடுகிறோம். 60 டிகிரித் தண்ணீரோ சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் அதை நேரே குழாயில் விடமுடியாது. எனவே குளியலறைக்கு முன்னால், குளிர்ந்த நீரைத் தானே கலந்து 42 டிகிரியில் நிறுத்தும் வால்வு ஒன்று இருக்கிறது. இரண்டு நீரும் ஒரே மேல்தொட்டியிலிருந்து ஒரே அழுத்தத்தில் வந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். வெந்நீரை ஓரிடத்திலிருந்தும் பச்சைத் தண்ணீரை மோட்டாரிலிருந்தும் எடுத்தால் சூடு ஊசலாடும்.

மின்சாரத்தை முழுக்க ஒதுக்கிவிடவில்லை. தொட்டிக்குள் ஒரு கிலோவாட் சூடேற்றி ஒன்று இருக்கிறது. நண்பகலில் மின்கலம் நிரம்பி, கூரைத் தகடுகள் வேலையின்றி நிற்கும்போது மட்டும் அது ஓடும். நமது நாட்டில் குளியலறை வாட்டர் ஹீட்டர் சுற்றுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்பு விசை வேண்டும். சொந்த மின்சாரம் என்பதால் அந்த விதியைத் தளர்த்திக்கொள்ள நினைப்பவர்கள், உடம்பில் பாயும் மின்சாரத்துக்கு அது யாருடையது என்று தெரியாது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அறையைச் சூடாக்கத் தேவையில்லை என்றேன். ஓர் அலமாரிக்கு மட்டும் அது தேவைப்பட்டது. எவ்வளவு போர்த்தினாலும் தொட்டியிலிருந்து கொஞ்சம் சூடு கசிந்துகொண்டே இருக்கும். அந்த அலமாரியின் அடியிலும் மேலும் காற்றுப்போக இடம் விட்டு, தொட்டிக்கு மேலே சட்டங்களாலான தட்டுகள் அடித்தோம். அக்டோபரில் இங்கே துணி கொடியில் இரண்டு நாள் தொங்கினாலும் ஈரவாடை போகாது, தோல் செருப்பிலும் புத்தக அட்டையிலும் பூஞ்சணம் பிடிக்கும். இப்போது அம்மாவின் புடவைகளுக்கும் என் மகளின் பள்ளிச் சீருடைக்கும் ஒவ்வொரு தட்டு. "ஏம்பா, இதுக்கா இவ்வளவு குழாய் போட்ட?" என்று அம்மா கேட்டாலும், அப்பளமும் மோர் மிளகாயும் மூன்றாவது தட்டில் ஏறியது அவரால்தான்.

வீட்டின் மறுகோடியில் விருந்தினர் குளியலறை ஒன்று இருக்கிறது. தொட்டியிலிருந்து அங்கே ஒன்பது மீட்டர் தூரம். குறைந்த அழுத்தத்துக்கு ஏற்ற பெரிய குழாய் போட்டால், அதற்குள் நிற்கும் ஏறத்தாழ மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் வெளியேறிய பிறகே வெந்நீர் வரும். குழாயை மூடியதும் வழியில் நிற்கும் வெந்நீர் ஆறிப் போகும். சின்னக் குழாய் போட்டால் வீணாவது பாதியாகும், ஆனால் தண்ணீர் நூலாக வரும். ஆகவே அந்தப் பக்கம் வெந்நீர்க் குழாய் இழுக்கவில்லை. வருகிறவர்களுக்கு ஒரு வாளியும் மூடியும் வைத்திருக்கிறோம்.